பதினேழு கம்ஃபோர்ட்டபிள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று கால் முடித்தேன். இரண்டு இடது, ஒன்று வலது. மூன்றாவதன் சாக்கெட்டை, அதாவது எஞ்சியிருக்கும் காலை உள்ளே நுழைக்கும் கூட்டை, உரசி வழுவழுப்பாக்கிக்கொண்டிருந்தபோது கடிதம் வந்தது. கையெல்லாம் வெள்ளைத் தூள். உறையும் வெள்ளையாகிவிட்டது.

செய்முறை: நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. நோயாளியிடம் பேசுதல்: தேர்ச்சியில்லை.

கீழே ஒரு வரி. ‘தேர்வர் கேட்ட ஒரு கேள்வியை நோயாளி மூன்று முறை திரும்பக் கேட்க நேர்ந்தது.’

எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியாதா? காலை மாட்டி எழுந்து நின்றவரிடம் ‘ஆர் யூ கம்ஃபோர்ட்டபிள்?’ என்று கேட்டேன். ‘என்ன?’ என்றார். மறுபடி கேட்டேன். ‘என்ன?’ மூன்றாம் தடவை கத்தினேன். அவருக்குக் காது மந்தம் என்றே நினைத்துவிட்டேன்! தேர்வாளர்கள் இரண்டு பேரும் குனிந்து என்னவோ எழுதினார்கள்.

பதினெட்டு வருடமாகக் கால் செய்கிறேன். முன்பிருந்த ஊரில் நானே அளவெடுத்து, நானே மாட்டி, நானே நடக்கவைத்து அனுப்புவேன். இங்கிலீஷ் மட்டுமே செல்லும் இந்த ஊருக்கு வந்த மூன்று வருடமாகப் பின்னறையில் தூளும் நானும்தான். முன்னறைக்குப் போய் மனிதர்களைத் தொட வேண்டுமானால் இந்தத் தேர்வு வேண்டும். இரண்டே வாய்ப்பு. ஒன்று போயிற்று. அடுத்தது மே 20. அதையும் கோட்டை விட்டால் ஓய்வு பெறும்வரை பின்னறைதான்.

இவரிடம் சொன்னேன். லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர், எதற்கும் பதறமாட்டார். “ஒரே ஒரு வார்த்தைதானே? பாத்துக்கலாம் விடு” என்றார்.

ஒரே ஒரு வார்த்தையாம்.

மார்ச் 4, புதன்

கம்ஃபோர்ட்டபிள். நன்றாகத்தானே இருக்கிறது? எங்கே பிசகு?

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். தொலைபேசி உதவி மையத்தில் வேலை. காலையில் லண்டன்காரி, மதியத்துக்கு மேல் அமெரிக்காக்காரி, வீட்டுக்கு வந்தால் என் நாத்தனார். இவர் ஏற்கெனவே தங்கையிடம் போட்டுக்கொடுத்திருக்கிறார். வந்ததும் வராததுமாக, “சொல்லுங்க அண்ணி, கேப்போம்” என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

சொன்னேன். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குச் சிரித்தே தொலைத்திருக்கலாம்.

“அண்ணி, நடுவுல இருக்கிற ‘போர்’ இருக்கு பாருங்க, அதை முழுங்கிடுங்க. கம்ஃப்டபிள். அவ்வளவுதான்.”

“எழுதி வச்சிருக்கிறதை எதுக்குடி முழுங்கணும்?”

“எழுதினவங்களே முழுங்குறாங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?”

லண்டனுக்குக் கம்ஃப்டபிள். அமெரிக்காவுக்குக் கம்ஃப்டர்பிள், நாக்கு நடுவில் சுருண்டு எழும்ப வேண்டும். நாலு அசை மூன்றாகிவிடுகிறது. எனக்குப் பல் பிடுங்கியது போலிருந்தது. ஒரு மணி நேரம் உயிரை வாங்கினாள். கடைசியில் இவரும் சேர்ந்துகொண்டு மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்று பேரில் நன்றாகச் சொன்னவர் இவர்! தேவையே இல்லாத மனிதருக்கு முதல் தடவையிலேயே வந்துவிட்டது. எரிச்சலாக வந்தது.

போகும்போது வாசலில் நின்று, “நான் அம்மாகிட்ட போன்ல பேசிட்டு, ‘வேறு ஏதாவது உதவி தேவையா’ன்னு கேட்டுட்டேன் அண்ணி. ஒரு வாரம் பேசலை என்கூட” என்றாள். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல பெண்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

மார்ச் 11, புதன்

கம்ஃப்டபிள். கம்ஃப்டபிள். கம்ஃப்டபிள். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கேட்காதே. அடுப்பில் இருந்ததெல்லாம் குழைந்துவிட்டது.

மார்ச் 16, திங்கள்

முன்னறைக்குப் பெரியவர் ஓர் அம்மாள். முப்பது வருட அனுபவம். கழுத்தில் எப்போதும் அளவுநாடா தொங்கும், சாப்பிடும்போதும். நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயரே அளவுநாடாதான். இன்று துணிந்து போய்க் கேட்டேன்: முடித்த கால்களை நானே முன்னறைக்கு எடுத்து வரலாமா, மாட்டும்போது ஓரமாக நிற்கலாமா?

மேலும் கீழும் பார்த்தார். “நிக்கலாம். ஒரு ஆளுக்கு ஒரு கேள்வி நீ கேக்கலாம். நீ எதைக் கேப்பேன்னு எனக்குத் தெரியும்.”

கடிதத்தை இந்த அம்மாளும் படித்திருக்கிறார். இருக்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

புதுக் குறிப்பேடு போட்டேன். யார் யார் அந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதி வைக்க.

லாரி ஓட்டுநர்: கம்டபிள். பாதியைப் பல்லுக்குப் பின்னாலேயே நிறுத்திவிடுகிறார்.

கப்பலில் சமையல்காரராக இருந்தவர்: கம்ஃப்டர்பிள். நாத்தனாரின் மதியக் குரலேதான்.

பியானோ சுருதி சேர்ப்பவர்: கம்ஃப்டபிள், ஆனால் கடைசியில் ‘பிள்’ இல்லை, ‘பல்’.

பிறகு ஒரு நர்ஸ். வேறு ஏதோ கண்டத்திலிருந்து வந்தவர், விபத்தில் கால் போனவர். அவர் சொன்னார் பார்— கம்-ஃபோர்ட்-ட-புள்! நாலு அசையும் அப்படியே, தலைநிமிர்ந்து! கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. யாரும் அவரை ‘என்ன?’ என்று கேட்கவில்லை. என்னை மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

நாள் முழுக்க யோசித்தேன். அவர் எதிராளியின் முகத்தைப் பார்த்து, நிறுத்தி, சொன்னார். நான் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டு காலிடம் கேட்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

மானம் போச்சு. லாரி ஓட்டுநர் இரண்டாம் முறை வந்திருந்தார். கேள்வியைக் கேட்கச் சொல்லி அளவுநாடா எனக்குக் கண்காட்டினார். வாயில் அமெரிக்கா வந்துவிட்டது. நாக்கைச் சுருட்டி, முகத்தைப் பார்த்து, நிறுத்தி— கம்ஃப்டர்ர்ர்பிள்?

அந்த ஆள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். “சினிமால நடிக்கப் போறீங்களா?” என்கிறார். அளவுநாடா வேறு, “இது யாரோட குரல்?” என்கிறார், சிரிக்காமல். முகத்தை எங்க கொண்டு வச்சுக்கறது? ஏன்தான் இந்த வேலையில மாட்டினேனோ. பின்னாடி ரூமுக்கு ஓடி வந்து மெஷினைப் போட்டு உரசு உரசுன்னு உரசினேன். நல்ல சாக்கெட் ஒண்ணு பாழாப் போச்சு. அதையும் திரும்பச் செய்யணும்.

மார்ச் 28, சனி

போகமாட்டேன். தேர்வும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

மார்ச் 29, ஞாயிறு

இவர் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, “கம்ஃப்டபிள், கம்ஃப்டபிள்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், வேண்டுமென்றே தப்புத் தப்பாக. பொறுக்க முடியாமல் திருத்தினேன். அவ்வளவுதான், சிரித்துவிட்டார். நானும்.

போகத்தான் போகிறேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். முதுகு வளையாத அம்மாள். புதுக் கால் மாட்டினார், நடந்தார், திரும்பினார். நான் லண்டன் கம்ஃப்டபிளை எடுத்தேன், அலட்டாமல். ‘என்ன?’ என்று கேட்கவில்லை! கேட்கவே இல்லை! நான் முடிப்பதற்குள்ளேயே, “ஆமாம், ரொம்ப கம்ஃப்டபிள்” என்று கண்ணாடிக் கிண்ணத்தைச் சுண்டியது போல் சுத்தமாகச் சொன்னார். அளவுநாடாவும் ஒருமுறை கேட்டார். அதே பதில். கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டேன். “அண்ணி, பார்ட்டி எப்போ?” என்றாள்.

ஏப்ரல் 9, வியாழன்

தலைமையாசிரியை திரும்பி வந்தார். சக்கர நாற்காலியில். முழங்காலுக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருக்கிறது. ஆறு நாளாக வலியோடு நடந்திருக்கிறார். இனி மூன்று வாரம் கால் மாட்டக்கூடாது.

அளவுநாடாவின் முகத்தில் ஈயாடவில்லை. “ரெண்டு பேரும் கேட்டோமே. கம்ஃப்டபிள்னுதானே சொன்னாங்க.”

சாக்கெட் என்னிடம் வந்தது. எங்கள் தொழிலில் லிப்ஸ்டிக் ஒரு கருவி. வலிக்கக்கூடிய இடத்தில் அதைத் தடவிக் காலை நுழைத்தால், அழுத்துகிற இடத்தில் கூட்டுக்குள் சிவப்பு ஒட்டும். அங்கே உரசினால் போதும். என் உதட்டில் ஒருநாளும் பட்டதில்லை, ஆனால் முன்பிருந்த ஊரில் மாதம் இரண்டு தீர்த்திருக்கிறேன். புண் இருப்பதால் அந்த அம்மாளுக்குத் தடவ முடியாது. புண்ணுக்கு நேரான இடத்தைக் கூட்டுக்குள் விரலால் தேடினேன். மெலிதாக ஒரு மேடு. விரலுக்கே தெரிந்தது.

அன்றைக்கு அந்தப் பதிலைக் கேட்டுக் குதித்தவள் நான். உச்சரிப்பைக் கேட்டேன். அந்த அம்மாளைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “எல்லாரும் இவ்வளவு பாடுபட்டு செஞ்சிருக்கீங்க. குறை சொல்ல மனசு வரலை” என்றார்.

குறிப்பேட்டின் நடுவே ஒரு கோடு கிழித்தேன். இடப்பக்கம்: எப்படிச் சொன்னார்கள். வலப்பக்கம்: காலைக் கழற்றியதும் தோல் எப்படி இருந்தது.

ஏப்ரல் 24, வெள்ளி

பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். இனி இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

உண்மையாகச் சொல்கிறவர்கள் உடனே சொல்வதில்லை. கேள்வி வந்ததும் எடையை அந்தக் காலுக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். கண் எங்கோ போகிறது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அப்புறம்தான் அந்தச் சொல் வருகிறது, சொல்லும்போது கடைசி அசை கொஞ்சம் தரையில் உட்காருகிறது. வலியை மறைப்பவர்களுக்கு நம் கேள்வி முடியவே வேண்டாம். பதில் வாசலிலேயே செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறது.

கம்டபிள் ஆனாலும் சரி, கம்ஃப்டர்பிள் ஆனாலும் சரி, ‘பல்’ ஆனாலும் சரி, எல்லா வாயிலும் இப்படித்தான். நர்ஸம்மா கூட அப்படித்தான் ஏமாற்றினார். நாலு அசையும் ஒரே மூச்சில் ஓடிற்று. கழற்றச் சொல்லிப் பார்த்தால் தோல் செக்கச்செவேல்.

அளவுநாடாவிடம் ஏட்டைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார். “முப்பது வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. ஆனால் ஏட்டை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை.

மே 10, ஞாயிறு

நாத்தனார் நோயாளி வேஷம் போட்டாள். சோபாவில் ஒரு காலை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பேசினாள். எந்த ஊர்க்காரியாக மாறினாலும் இரண்டு வாக்கியத்துக்குள் நான் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறேன். அவளிடம் இப்போது ‘என்ன?’ என்பதே இல்லை.

“அண்ணி, எங்க ஆபீஸ்ல உங்களைச் சேத்துக்கிட்டா என் வேலை போயிடும்” என்றாள். இந்தப் பெண் வாயிலிருந்து பாராட்டு! தேதி போட்டு எழுதிவைக்க வேண்டியதுதான். போட்டாயிற்று.

குறிப்பேட்டில் பதினாறு ஆகிவிட்டது.

மே 19, செவ்வாய்

நாளைக்குத் தேர்வு. இவர் என் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார், மடிப்பு மாறாமல். பேசாமல் படுக்கப் போகிறேன்.

மே 20, புதன்

முடிந்தது. நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன், நாளைக்கு நானே கூட்டிக் குறைத்துவிடுவேன்.

நோயாளி ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே போனவர். கை இரண்டும் அகலமாக, சிமென்ட் தின்ற விரல்கள். தேர்வாளர்கள் இருவர், அவர்களுக்குப் பின்னால் சுவரில் கடிகாரம். நாற்பது நிமிடம்.

காலை மாட்டினேன். கம்பிகளுக்கு நடுவே நடக்கவைத்தேன். போய் வந்தார். முகத்தைப் பார்த்து, நிறுத்தி, லண்டன் கம்ஃப்டபிளைக் கேட்டேன். அழகாக வந்தது.

“என்ன?” என்றார்.

தேர்வாளர் பேனாவை எடுத்துவிட்டார். மூன்று மாதம் பல் தேய்க்கும்போதும் குளிக்கும்போதும் சொன்ன சொல், இப்படியா காலை வாரும்? அடுத்து அமெரிக்காவை எடுக்கலாமா? அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஷூவைக் கழற்றும்போது அவர் வானிலையைப் பற்றி என்னவோ சொன்னார். செங்கல் அடுக்குவது போல ஒவ்வோர் அசையையும் தனித்தனியாக வைத்துச் சொன்னார், ஒன்றைக்கூட முழுங்காமல். இந்த மனிதருக்கு எதை முழுங்கினாலும் புரியாது.

என்னுடையதையே எடுத்தேன். பதினெட்டு வருடப் பழையது. மெதுவாக, கண்ணைப் பார்த்து: கம்-ஃபோர்ட்-ட-பிள்?

கடைசி அசை என் வாயில் இருக்கும்போதே, “கம்ஃபோட்டபிள், கம்ஃபோட்டபிள்!” என்றார். சிரித்தார். தேர்வாளர்களையும் பார்த்துச் சிரித்தார். ஒரு தேர்வாளர் தலையசைத்து எழுதினார். முப்பத்தோராவது நிமிடம். ‘நன்றி, முடித்துவிட்டேன்’ என்று சொன்னால் தீர்ந்தது. முன்னறை என்னுடையது.

ஆனால் அவர் எடையை மாற்றிப் பார்க்கவே இல்லை.

“கழட்டிப் பாக்கலாமா?” என்றேன்.

“எதுக்கு? நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு.”

“பரவாயில்லை. எனக்காக.”

கழற்றினேன். எலும்பின் நுனியில் ஒரு ரூபாய் அளவு சிவப்பு. அழுத்திப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. புண்ணாகப் போகிற சிவப்பு. லிப்ஸ்டிக்கை எடுத்துத் தடவி மறுபடி மாட்டி எழுந்து நிற்கச் சொன்னேன். மூச்சை உள்ளே இழுத்தார். கழற்றினேன். கூட்டுக்குள் சிவப்புப் பொட்டு. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல, “வலிக்குதுன்னு சொன்னா உங்களை ஃபெயில் போட்டுடுவாங்கன்னு நெனச்சேன்மா” என்றார்.

முன்பின் தெரியாத மனுஷன். எனக்காகப் பல்லைக் கடிச்சிட்டு நின்னிருக்கார்.

இயந்திர அறைக்குப் போய் உரச வேண்டும். நேரம் போதாது என்று தேர்வாளர் கடிகாரத்தைக் காட்டினார். “இந்தக் காலோட அவரை அனுப்பமாட்டேன்” என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. உரசி, துடைத்து, மாட்டி, நடக்கவைத்தேன். பதினோரு நிமிடம் தாண்டிவிட்டது. மறுபடி கேட்டேன்.

இந்த முறை பதில் இல்லை. வலது காலில் நின்றார். இடது காலுக்கு மாறினார். மறுபடி வலதில் நின்று, கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார். இன்னொரு கையையும் எடுத்தார். கண் எங்கோ போயிற்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் காத்திருந்தேன்.

“கம்… ஃபோட்… ட… பிள்” என்றார்.

பதினேழாவது.

மே 21, வியாழன்

நேரம் தாண்டியதற்குத் தேர்ச்சியில்லை என்று வந்தாலும் வரலாம். வரட்டும். பின்னறையில் செத்தா போய்விடுவேன்? திரும்ப நேற்றைய நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன்.

இதை மூன்று தடவை இவரிடம் சொல்லிவிட்டேன். நான்காம் தடவை, “யாருக்குச் சொல்றே? எனக்கா, உனக்கா?” என்றார்.

ஜூன் 5, வெள்ளி

செய்முறை: தொண்ணூற்றாறு. நோயாளியிடம் பேசுதல்: தொண்ணூற்று ஒன்பது!!

நேரத்துக்கு நாலு மதிப்பெண் வெட்டியிருக்கிறார்கள், செய்முறையில். வெட்டட்டும்! கீழே ஒரு வரி: ‘நோயாளியின் பதிலைத் தேர்வர் ஏற்க மறுத்தது இத்தேர்வின் சிறந்த பகுதி.’

தூள் கையோடு நடுக் கூடத்தில் நின்று கத்திவிட்டேன். தமிழில். ஒருவருக்கும் புரியவில்லை, எல்லாரும் கை தட்டினார்கள். லாரி ஓட்டுநர் அப்போதுதான் வந்திருந்தார், என்ன விஷயம் என்று கேட்டு, ‘சினிமா சான்ஸ் கிடைச்சிடுச்சா?’ என்றார். கிடைத்துவிட்டது ஐயா, கிடைத்துவிட்டது! நாத்தனார் போனில் அழுதாள், என்னைவிட அதிகமாக. இவர் லிஃப்டுக்குள் இருந்தாராம், பாதி மாடியில் நிறுத்திவிட்டுப் பேசினார். “வார்த்தை என்னாச்சு?” என்றார். “கைக்குள்ள இருக்கு” என்றேன்.

ஜூலை 2, வியாழன்

முன்னறையில் நான்காவது வாரம். இன்று ஒன்பது பேர். முதுகு கழன்று போகிறது.

மதியம் அளவுநாடா தன் நோயாளியை நிற்கவைத்துவிட்டு என் திரைக்குள் தலையை நீட்டினார். “கொஞ்சம் வந்து கேளேன்” என்றார். அவ்வளவுதான், வேறு விளக்கமில்லை. முப்பது வருட அனுபவம் என்னைக் கூப்பிடுகிறது! முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் எழுந்து போனேன்.

தையல்காரம்மா ஒருவர், அறுபது வயதிருக்கும். நான் இதுவரை கேட்டிராத பேச்சு. இரண்டு நிமிடம் தையல் இயந்திரத்தைப் பற்றிப் பேசவிட்டேன். பிறகு கேட்டேன். எந்த விதத்தில் கேட்டேன் என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. அவருக்குப் புரிந்தது, அது நிச்சயம். ஏனென்றால் நான் முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். “கழட்டுங்கம்மா, பாப்போம்” என்றேன்.